பம்ப் அடித்தால் பிடிக்கிற பிரேக்

பிரேக் லிவரை ஒருமுறை பிடித்தால் ஹேண்டில் வரைக்கும் வந்துவிடுகிறது. விட்டுவிட்டு வேகமாக இரண்டு மூன்று முறை அமுக்கினால் கெட்டியாகிறது, வண்டி நிற்கிறது. எங்கள் ஏலமலைப் பக்கம் இப்படியே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் ஏராளம். ஜீப்பில் உண்டு, பிக்கப்பில் உண்டு, இப்போது தோட்டங்களுக்குள் வந்திருக்கிற ஏடிவி என்கிற நாலு சக்கர பைக்கிலும் உண்டு. ஓட்டுகிறவரிடம் கேட்டால், "பம்ப் பண்ணா புடிக்கும்ணே" என்பார். வண்டியின் சுபாவமே அதுதான் என்பதுபோலச் சொல்வார். அந்தப் பதிலை ஒத்துக்கொள்ளவே கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பம்ப் அடித்துப் பிடிக்கிற பிரேக் பிரேக்கே இல்லை. அதைச் சரிசெய்ய பெரிய ஒர்க்‌ஷாப்பும் தேவையில்லை, ஒரு ஸ்பானரும் ஒரு குழாயும் ஒரு மத்தியான நேரமும் போதும்.

எனக்குச் சொந்த ஊர் போடி. வேலை மெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறைக்கும் சாந்தம்பாறைக்கும் நடுவில் ஓர் ஏலத்தோட்டத்தில். தோட்டத்து வண்டிகள், மருந்தடிக்கிற மோட்டார்கள், ஸ்டோரில் இருக்கிற டிரையர் எல்லாம் என் பொறுப்பு. போடி கடல்மட்டத்திலிருந்து 350 மீட்டர் அளவில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 85-ல் மலையேறி போடிமெட்டுச் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது 1,300 மீட்டருக்கு மேலே வந்துவிடுகிறோம். கீழே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். மெட்டில் ஏறிய கொஞ்ச நேரத்தில் மழையும் மூடுபனியும். ஜூன் பிறந்தால் மாதக்கணக்கில் ஈரம்தான். விடியற்காலையில் போடி, தேவாரம், கம்பம் பக்கமிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள் ஏறி வருகிறார்கள், சாயங்காலம் இறங்கிப் போகிறார்கள். பிரேக்கைப் பற்றி அசட்டையாகப் பேசக் கூடாத மலை இது.

ஏடிவி எதற்குத் தோட்டத்துக்கு என்று கீழே இருப்பவர்கள் கேட்கிறார்கள். சுற்றுலா இடங்களில் பிள்ளைகள் ஓட்டி விளையாடுகிற வண்டி என்றுதான் அவர்கள் பார்த்திருப்பார்கள். ஏலச்செடி பெரிய மரங்களின் நிழலில், சரிவில், நெருக்கமாக வளர்வது. உள்ளே ஜீப் போகாது. டூவீலர் போனாலும் மூட்டை ஏற்ற முடியாது. ஏடிவி ஒற்றையடிப் பாதையைக் கொஞ்சம் அகலப்படுத்தினாலே போய்வரும். உரம், மருந்து டிரம், பறித்த பச்சைக் காய் மூட்டை எல்லாம் முன்னும் பின்னும் உள்ள கேரியரில் ஏறிவிடும். தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாதையில் ஏறி இறங்கிய பெண்களின் முதுகு எவ்வளவு தப்பித்திருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த வண்டியின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் இது உயரமான, நீளம் குறைந்த வண்டி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இடைவெளி குறைவு. இந்த வகை முதலில் மூன்று சக்கரத்தோடு வந்தது, ஹோண்டா 1970-ல் கொண்டுவந்தது. கவிழ்ந்து கவிழ்ந்து ஆட்கள் அடிபட்டதில், 1988-ல் அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டி விற்பனையையே நிறுத்தினார்கள். நாலாவது சக்கரம் வந்த பிறகும் சரிவில் இறங்கும்போது உள்ள ஆபத்து முழுக்கப் போய்விடவில்லை. மூட்டையோடு இறங்கும்போது எடை முழுவதும் முன்பக்கம் சாய்கிறது. பின் சக்கரம் லேசாகிறது. அந்த நேரத்தில் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால், ஈர இலைச் சருகின் மேல் பின் சக்கரம் லாக் ஆகி, வண்டி பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். தரையைப் பிடித்துக்கொண்டிருப்பது முன் டயர்கள்தான். ஆகவே வேகத்தைக் குறைக்க வேண்டியதும் முன் பிரேக்தான்.

இதை நம்ப வைப்பது பெரும்பாடு. "முன் பிரேக் புடிச்சா குப்புற விழுந்துரும்ணே" என்று சைக்கிள் காலத்துப் பயத்தைப் பையன்கள் இன்னும் விடவில்லை. சடாரென்று முழுவதுமாகப் பிடித்தால் முன் சக்கரம் லாக் ஆகி, ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி திரும்பாமல் போகும், அது உண்மை. இறங்கத் தொடங்கும்போதே லேசாகப் பிடித்து, அந்த அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒன்றும் ஆகாது. அப்படி அளந்து பிடிக்க வேண்டுமானால் லிவர் முதல் பிடியிலேயே கெட்டியாக இருக்க வேண்டும். பஞ்சு மாதிரி அமுங்குகிற லிவரில் அளவு என்பதே கிடையாது. இன்னொன்று, பெல்ட்டில் ஓடுகிற ஆட்டோமேட்டிக் ஏடிவிகள் சிலவற்றில் வேகம் மிகவும் குறைந்தால் எஞ்சின் பிடிப்பு விட்டுவிடும், வண்டி சும்மா உருளும். ஜீப்பில் முதல் கியரைப் போட்டு இறங்குகிற நம்பிக்கையை இங்கே அப்படியே வைக்க முடியாது.

எங்களிடம் வேலை கற்றுக்கொள்ளும் தம்பி ஒருவன் இருக்கிறான். அவனுக்கு இதை விளக்க ஆஸ்பத்திரி ஊசிச் சிரிஞ்ச் ஒன்றை எடுத்துத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அமுக்கச் சொன்னேன். அசையவில்லை. பிறகு பாதி காற்று பாதி தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். சுலபமாக உள்ளே போனது, விட்டதும் திரும்பி வந்தது. "இப்ப காத்துதாண்ணே அமுங்குது" என்றான். அவ்வளவுதான் விஷயம். அடைபட்ட திரவத்தின் ஓர் இடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போகும் என்று பாஸ்கல் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். காற்று நடுவில் புகுந்தால், கையின் விசை, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்வுகிற பேடுக்குப் போவதற்கு முன்னால் காற்றைச் சுருக்குவதில் கரைகிறது.

எவ்வளவு காற்று இருந்தால் ஆபத்து? இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பதில் பலரையும் உலுக்கும். லிவர் பக்கத்தில் இருந்து ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் விட்டம் 12.7 மில்லிமீட்டர், லிவரை முழுவதும் இழுத்தால் அது 10 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அது தள்ளுகிற ஆயில் மொத்தம் 1.3 மில்லியைத் தொடாது. மொத்த லிவர் ஓட்டத்துக்கும் அவ்வளவுதான். உள்ளே அரை மில்லி காற்று இருந்தால், அதாவது மருந்துச் சொட்டு பத்துப் பன்னிரண்டு அளவு, அதைச் சுருக்கவே லிவர் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். "கொஞ்சம் ஏர்தானே" என்று சொல்கிற இடமே இல்லை.

அப்படியானால் பம்ப் அடித்தால் ஏன் பிடிக்கிறது? லிவரை விடும்போது மாஸ்டர் சிலிண்டர் மேலே உள்ள கப்பிலிருந்து புதிதாகக் கொஞ்சம் ஆயிலை இழுத்துக்கொள்கிறது. கீழே போன ஆயில் முழுக்கத் திரும்பி வருவதற்கு முன்னால் மறுபடி அமுக்கினால், உள்ளே ஆயில் கூடி, காற்று ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருக்கிறது. அதனால் கெட்டியாகத் தெரிகிறது. கொஞ்ச நேரம் விட்டால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். தட்டையான மைதானத்தில் மூன்று முறை அமுக்க நேரம் இருக்கும். வளைவில் திடீரென்று ஒரு பசு நின்றாலோ, மண் சரிந்து பாதை பாதியாகப் போயிருந்தாலோ அந்த நேரம் கிடைக்காது. எல்லாவற்றையும் விட மோசம், தினமும் ஓட்டுகிறவர் லீவு போட்ட நாளில் வேறொருவர் வண்டியை எடுப்பது. பம்ப் அடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

காற்று எப்படி உள்ளே போனது என்று தெரியாமல் ஏர் எடுத்தால், அதாவது லைனிலிருந்து காற்றை வெளியேற்றினால், அடுத்த மாதம் மறுபடி அதே வேலை. பேட் தேயத் தேய அதைத் தள்ளுகிற காலிப்பரின் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டே வரும், அந்த இடத்தை நிரப்பக் கப்பிலிருந்து ஆயில் இறங்கும். சமதளமான ரோட்டில் அது ஒன்றும் செய்யாது. எங்கள் தோட்டத்தில் வண்டி எந்நேரமும் சாய்ந்தே நிற்கிறது. கப்பில் ஆயில் குறைவாக இருந்து, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால், அடியில் உள்ள துளை ஆயிலுக்கு வெளியே வந்துவிடும். அந்த நேரம் லிவரைப் பிடித்து விட்டால் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். மலைத் தோட்டத்தில் ஏர் புகுவதற்கு இதுதான் முதல் காரணம் என்பது என் அனுபவம். அதற்காகக் கப்பை நிரப்பிக்கொண்டே இருப்பதும் சரியில்லை. ஆயில் குறைந்தால் முதலில் பேடைக் குனிந்து பாருங்கள். பொதுவாக ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

இரண்டாவது காரணம் தண்ணீர். டாட் (DOT) 3, டாட் 4, டாட் 5.1 வகை பிரேக் ஆயில்கள் கிளைக்கால் சார்ந்தவை, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிற குணம் அவற்றுக்கு உண்டு. மூடி வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் மெல்ல மெல்ல ஈரம் சேரும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. நூற்றுக்கு மூன்றே முக்கால் பங்கு அளவு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த உத்தரவாதம் 155-க்கு இறங்குகிறது. டாட் 3 என்றால் 205-லிருந்து 140. ஸ்டோர் வரைக்கும் நீண்ட இறக்கத்தில் மூட்டையோடு பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் டிஸ்க்கும் காலிப்பரும் கடுமையாகச் சூடேறும். பழைய ஆயில் உள்ளேயே கொதித்து ஆவியாகும், அந்த ஆவியும் காற்றைப் போலவே அமுங்கும். கீழே வந்து டீ குடித்து முடிப்பதற்குள் சூடு ஆறி, ஆவி மறுபடி ஆயிலாகி, லிவர் பழையபடி நன்றாக இருக்கும். அதனால் ஓட்டுகிறவர் யாரிடமும் சொல்வதே இல்லை. "இறக்கத்துல மட்டும் கொஞ்சம் உள்ள போச்சுண்ணே, இப்ப நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால், அந்த வண்டியை அன்றைக்கே நிறுத்திவிடுவேன்.

கம்பெனிக் கையேடுகள் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கின்றன. இங்குள்ள ஈரத்துக்கும் இறக்கத்துக்கும் அது போதாது என்பது என் கருத்து. நான் வருடா வருடம் மாற்றுகிறேன், காய் பறிப்பு தொடங்குவதற்கு முன்னால். கப்பைத் திறந்து பார்த்தால் ஆயில் லேசான மஞ்சளில் தெளிவாக இருக்க வேண்டும். கட்டன் சாயா (பால் ஊற்றாத டீ) நிறத்துக்கு வந்திருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை.

எல்லாக் கோளாறுக்கும் ஏர்தான் காரணம் என்று ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் தப்பு. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, அந்தப் பக்கம் ஏர் இல்லை, மறுபக்கம் ஏர் இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. இரண்டு முன் சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே லைன் வந்து பிரிகிறது. ஒரு பக்கம் காற்று இருந்தாலும் அழுத்தம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், லிவர் ஓட்டம் மட்டும்தான் கூடும். ஒரு பக்கம் இழுத்தால் அதற்கு எதிர்ப்பக்கத்தில் பிஸ்டன் இறுகியிருக்கும், அல்லது காலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின் சேற்றில் துருப்பிடித்து ஒட்டியிருக்கும், அல்லது பேடில் எண்ணெய் பட்டிருக்கும், ஹோஸ் உள்ளுக்குள் அடைத்திருக்கும். தோட்டத்துச் சேற்றில் ஸ்லைடு பின் ஒட்டிக்கொள்வதுதான் அதிகம். கழற்றித் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் வைத்தால் தீர்ந்தது.

அதேபோல, மேடு பள்ளத்தில் ஓடியபின் முதல் பிடி மட்டும் ஆழமாகப் போய், அடுத்த பிடி சரியாக இருந்தால், வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். பேரிங் ஆட்டம் இருந்தால் டிஸ்க் ஆடி, பேடையும் பிஸ்டனையும் உள்ளே தள்ளிவிடும். சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த ஆட்டத்தைச் சரிசெய்யாமல் ஏர் எடுத்துக்கொண்டே இருந்தால் ஆயில்தான் செலவு.

இன்னொரு கோளாறு, அதைப் பார்த்தபிறகுதான் நான் எந்த வண்டியிலும் முதலில், காலிப்பரில் காற்றை வெளியே விடத் திறக்கிற நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். வெளியே ஓர் இடத்தில் பேட் மாற்றி வந்த ஏடிவி. இரண்டு மூன்று கை மாறி ஏர் எடுத்தும் லிவர் கெட்டியாகவில்லை என்று எங்களிடம் கொண்டுவந்தார்கள். குனிந்து பார்த்தால் இரண்டு காலிப்பரிலும் நிப்பிள் அடிப்பக்கம் இருக்கிறது. இடது பக்கத்தது வலது பக்கம், வலது பக்கத்தது இடது பக்கம் மாட்டியிருக்கிறார்கள். போல்ட் பொருந்திவிட்டது, சக்கரமும் சுற்றுகிறது, ஆனால் காற்று எப்போதும் மேலேதான் போகும். நிப்பிள் கீழே இருந்தால் மேலே தேங்கிய காற்று எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் வெளியே வராது. காலிப்பர்களை மாற்றி மாட்டினோம், முதல் சுற்றிலேயே லிவர் நின்றது. ஏர் எடுக்கும் வேலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது: காற்று இப்போது எங்கே நிற்கிறது, அதற்கு மேலே ஏற வழி இருக்கிறதா?

சரி, வேலைக்கு வருவோம். ஆயில் எது என்று மாஸ்டர் சிலிண்டர் மூடியிலேயே எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கான், மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 என்பது வேறு, பெயர் ஒட்டி இருப்பதால் கடையில் குழம்பிவிடாதீர்கள். சின்ன பாட்டிலாக, சீல் உடையாததாக வாங்குங்கள். போன மழைக்குத் திறந்து மூடி வைத்த பாட்டில் அலமாரியில் இருந்தால் அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் கட்டாயம் வேண்டும். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும், பட்ட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹேண்டிலைத் திருப்பி, ஆயில் கப் மட்டமாக நிற்கிற நிலையைக் கண்டுபிடியுங்கள். கப் மூடியைச் சுற்றி இருக்கும் சேற்றைத் துடைத்த பிறகுதான் திறக்க வேண்டும். மூடி ஸ்க்ரூ தலை சீக்கிரம் மழுங்கும். சரியான அளவு ஸ்டார் டிரைவரை வைத்து மேலே ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்பினால் கழன்று வரும். உள்ளே இருக்கிற பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் படிந்த கசடைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, புதிய ஆயில் ஊற்றுங்கள். பழைய அழுக்கு முழுவதையும் லைன் வழியாகத் தள்ளுவதில் அர்த்தம் இல்லை.

அடியில் இரண்டு துளைகள் தெரியும், ஒன்று பெரிது, இன்னொன்று ஊசி முனை அளவு. அந்தச் சின்னத் துளையைக் கவனியுங்கள். லிவரை விட்டதும் அழுத்தம் தீர்வது அதன் வழியாகத்தான். அது கசடால் அடைத்திருந்தால், ஏர் சுத்தமாக எடுத்தாலும் பிரேக் பிடித்தபடியே இருந்து டிஸ்க் சூடேறும். லிவரை மெதுவாக அசைக்கும்போது அந்தத் துளைக்கு மேலே ஆயில் சின்னதாகக் கொப்பளித்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

நிப்பிளுக்குப் பெரும்பாலும் எட்டாம் நம்பர் ஸ்பானர் பொருந்தும். ரிங் ஸ்பானர்தான் போட வேண்டும். ஓப்பன் ஸ்பானர் போட்டு முனை உருண்டுபோன நிப்பிள்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. நிப்பிள் உள்ளே கூடாக இருப்பது, துருப்பிடித்ததைப் பலமாகத் திருப்பினால் ஒடிந்துவிடும். முந்தின நாளே துருநீக்கி அடித்து ஊறவிடுவது நல்லது, பேடிலும் டிஸ்க்கிலும் படாமல். முதலில் ரிங் ஸ்பானரை மாட்டி, அதற்கு மேல் மீன் தொட்டிக்குப் போடுகிற தெளிவான குழாயைச் செருகுங்கள். குழாய் நிப்பிளிலிருந்து முதலில் மேலே எழுந்து, அப்புறம் வளைந்து, கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் இறங்கட்டும். வெளியே வந்த காற்று மேலே போய்விடும், நிப்பிள் வாயில் எப்போதும் ஆயில்தான் நிற்கும்.

மாஸ்டர் சிலிண்டருக்கு எது தூரமோ அந்தச் சக்கரத்தில் ஆரம்பிப்பது வழக்கம். முன் பிரேக் லிவர் வலது கையில் இருக்கிற வண்டியில் அது இடது சக்கரமாகத்தான் இருக்கும். ஒருவர் லிவரில், ஒருவர் நிப்பிளில். நாங்கள் வாயால் சொல்லிக்கொண்டே செய்வோம். "புடி" என்றால் தம்பி மெதுவாகப் பிடித்து, "புடிச்சிட்டேண்ணே" என்பான். நான் கால் சுற்றுத் திறப்பேன், லிவர் இறங்கும், ஆயிலும் குமிழும் குழாயில் வரும். லிவர் அடி தொடுவதற்கு முன்பே நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்பேன். மூடாமல் விட்டால் வெளியே போனது அப்படியே உள்ளே திரும்பும். இந்த வரிசை மாறவே கூடாது, அவசரமும் கூடாது. வேகமாக அடித்தால் குமிழ் பொடிப்பொடியாக நுரைத்துவிடும், அந்தப் பொடிக் குமிழை வெளியேற்றுவதுதான் பெரிய பாடு.

பழைய வண்டியில் லிவரை ஹேண்டிலில் முட்டும் வரை இழுக்காதீர்கள். லிவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு மரத்துண்டு வையுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் வருடக்கணக்கில் போகாத பகுதியில் துருவும் கசடும் இருக்கும். ஏர் எடுக்கிறோம் என்று முதல்முறையாக அங்கே தள்ளினால் ரப்பர் வாஷர் கிழியும். ஏர் எடுத்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று சொல்கிற வண்டிகளில் இதையும் சந்தேகப்பட வேண்டும்.

நாலைந்து பிடிக்கு ஒருமுறை கப்பைப் பாருங்கள். அது காலியானால் மொத்த வேலையும் முதலிலிருந்து. ஒரு பக்கம் குமிழ் நின்று, ஆயில் தெளிவாக வந்தபிறகு மறுபக்கம், அப்புறம் மறுபடி முதல் பக்கம் ஒருமுறை. காலிப்பரையும் ஹோஸையும் ஸ்பானர் கைப்பிடியால் லேசாகத் தட்டிக்கொடுங்கள், ஒட்டியிருக்கிற குமிழ் கிளம்பும்.

இவ்வளவு செய்தும் லிவர் பஞ்சாகவே இருந்தால், காற்று பெரும்பாலும் மேலேதான் நிற்கிறது, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் கிளம்புகிற பாஞ்சோ போல்ட்டில். கீழே நிப்பிள் வழியாக எவ்வளவு ஆயில் வெளியே விட்டாலும் அந்த மேட்டிலிருந்து காற்று இறங்காது. அங்கே துணியைச் சுற்றி, லிவரைப் பிடித்தபடியே போல்ட்டை ஒரு இழை தளர்த்தி, ஆயில் கசிந்ததும் இறுக்கிவிட்டு லிவரை விட வேண்டும். போல்ட்டை முழுதாகக் கழற்றினால் இரு பக்கச் செம்பு வாஷரையும் புதிதாகப் போடுங்கள், பைக் ஸ்பேர் கடைகளிலேயே கிடைக்கும்.

தனியாக வேலை செய்கிறவர்களுக்கும், லைன் முழுக்கக் காலியான வண்டிக்கும் நான் சிபாரிசு செய்வது தலைகீழ் முறை. பெரிய சிரிஞ்சில் புது ஆயிலை நிரப்பி, குழாயிலும் சிரிஞ்சிலும் காற்றில்லாமல் வெளியேற்றிவிட்டு, காலிப்பர் நிப்பிளில் மாட்டி, கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளுவது. காற்று போக விரும்புகிற திசையிலேயே நாமும் தள்ளுகிறோம். கப்பில் குமிழ் குமிழாக வந்து உடைவது கண்ணுக்குத் தெரியும். கப் நிரம்பி வழியாமல் அவ்வப்போது உறிஞ்சி எடுக்க வேண்டும். ஆனால் கட்டன் சாயா ஆயில் இருக்கிற வண்டியில் இதை முதலில் செய்யாதீர்கள், காலிப்பரில் உள்ள அழுக்கு மேலே போய் அந்தச் சின்னத் துளையை அடைக்கும். முதலில் வழக்கப்படி மேலிருந்து அலசிவிட்டு, அப்புறம் தலைகீழ். சிரிஞ்சால் நிப்பிளிலிருந்து உறிஞ்சி எடுக்கிற முறையும் உண்டு. அதில் நிப்பிள் மரை வழியாக வெளிக்காற்று நுழைந்து, குமிழ் வந்துகொண்டே இருப்பதுபோல ஏமாற்றும். அதைப் பார்த்து நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ராத்திரி முழுக்க லிவரைக் கைப்பிடியோடு ரப்பர் டியூபால் கட்டி வைப்பது பழைய மெக்கானிக்குகள் செய்வது. காலையில் அவிழ்த்ததும் தேங்கிய பொடிக்காற்று கப்புக்குப் போய்விடும் என்பார்கள். கடைசிக் கொஞ்சத்துக்கு அது உதவுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை மட்டும் நம்பி முழு வேலையையும் விட்டுவிடக் கூடாது.

முடிந்ததும் நிப்பிளை அளவாக இறுக்குங்கள், அது சின்ன மரை, கையின் முழு பலமும் வேண்டாம். கப்பில் மேல் கோடு வரைக்கும்தான் ஆயில். ரப்பர் டயாபிரம் மடிப்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள். லிவரைப் பலமாகப் பிடித்து ஒரு நிமிடம் வைத்திருங்கள். மெல்ல இறங்கினால் எங்கேயோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போய்விட்டது. பிறகு சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பிரேக் பிடித்து விட்டதும் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். மட்டத்தில் நடை வேகத்தில் ஓட்டிப் பிடித்துப் பார்த்து, மூட்டை இல்லாமல் சின்ன இறக்கம் ஒன்றில் இறங்கிய பிறகுதான் வண்டியை வேலைக்கு விட வேண்டும்.

காலிப்பர் பிஸ்டனையோ ரப்பரையோ பெட்ரோல், மண்ணெண்ணெய் விட்டுக் கழுவக் கூடாது. கப்பில் ஆயில் குறைந்தது என்று எஞ்சின் ஆயிலை ஊற்றவும் கூடாது. பிரேக் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும், பிஸ்டன் இறுகும், அப்புறம் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் வரை எல்லாம் மாற்ற வேண்டியதுதான். பாகங்களைப் புது பிரேக் ஆயிலாலேயே கழுவுங்கள்.

எடுத்த பழைய ஆயிலைச் செடி மூட்டிலோ ஓடையிலோ ஊற்றுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அது விஷம். ஏலத்தின் வேர் மேலாகவே படர்வது, எங்கள் ஓடைத் தண்ணீர்தான் கீழே லயங்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்புகளில், குடிக்கிற தண்ணீர். நான் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் கேனில் பேர் எழுதிச் சேர்த்துவைத்து, எஞ்சின் கழிவு ஆயிலோடு கலக்காமல், தேனிக்குப் போகும்போது கழிவு ஆயில் எடுக்கிற இடத்தில் தனியாகவே கொடுத்துவிடுகிறேன். கேனை நாயும் குழந்தைகளும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.